கொல்கத்தாவுக்குள் ஒரு மெட்ராஸ்

புனேவில் பொட்டி தட்டும் எனக்குப் போன வாரம் மண்டை காய்ந்துவிட்டது. பயனர் எந்த நேர மண்டலத்தில் இருக்கிறார் என்று கேட்டால், ஓர் உலாவி 'ஏசியா/கல்கத்தா' என்கிறது, இன்னொன்று 'ஏசியா/கொல்கத்தா' என்கிறது. இரண்டும் அதே +5:30 தான். என் நிரலோ எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு, இரண்டும் வேறு ஊர் என்று முடிவு கட்டிவிட்டது.

ஊரின் பெயர் 2001-ல் மாறியது. கணினிகள் நம்பியிருக்கும் நேர மண்டலப் பட்டியலில் 2008-ல்தான் மாறியது. பழைய நிரல்கள் படுத்துவிடக் கூடாதே என்று பழைய பெயரையும் விட்டுவைத்தார்கள். சில மென்பொருட்கள் அதையே பிடித்துக்கொண்டன.

வீட்டில் புலம்பினால் பையன் கேட்கிறான், "ஏம்ப்பா, நம்ம சென்னை அதுல இல்லையா?"

இருக்கிறதே! மண்டலத்தின் பெரிய ஊர் பெயரை வைப்பது அந்தப் பட்டியலின் வழக்கம், அதனால் கொல்கத்தா. ஆனால் அதே கொல்கத்தாவிடம் 1900 ஜனவரி 1-ன் நேரத்தைக் கேட்டுப் பாருங்கள். +5:30 வராது, 5 மணி 21 நிமிடம் 10 வினாடி வரும். அது மெட்ராஸ் நேரம்!

நுங்கம்பாக்கத்தில் 1792-ல் எழுந்த வானாய்வகம் கணித்த நேரம் அது. பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் இடைப்பட்டதாக இருந்ததால் ரயில்கள் அதன்படி ஓடின. 1906 ஜனவரி 1-ல் இந்தியாவின் பொது நேரம் வந்தது. மெட்ராஸ் கடிகாரங்கள் ஏறக்குறைய 9 நிமிடம் முன்னே போயின.

நிரலைச் சரிசெய்துவிட்டேன் மக்களே. பையன்தான் 1900-ஐத் திரும்பத் திரும்பத் தட்டிப் பார்க்கிறான்.