ஒரு ஷில்லிங் மூன்று பென்ஸ்

படிப்புக்காக வெளியூர் போன பிள்ளையிடமிருந்து வரும் கடிதங்களில் இரண்டு சங்கதிகள் தவறாமல் இருக்கும். ஒன்று, சாப்பாடு சரியில்லை. மற்றொன்று, பணம் போதவில்லை. மூன்றாவதாக உடுப்பு விஷயம் ஒன்று உண்டு. அதைப் பெரும்பாலும் எழுதமாட்டார்கள். இந்த மூன்றையும் ஒளிக்காமல் எழுதி வைத்த மாணவர் ஒருவர் இருக்கிறார். அவர் 1888 செப்டம்பர் 4-ந் தேதி பம்பாயில் கப்பல் ஏறிய மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி. தமது ஐம்பத்தாறாவது வயதில் 'நவஜீவன்' பத்திரிகையில் வாரா வாரம் சுயசரிதை எழுதத் தொடங்கியபோது, மாணவப் பருவத்தில் வாங்கிய தொப்பியின் விலை கூட அவருக்கு மறக்கவில்லை.

அந்தப் பணம் வந்த விதத்தை முதலில் சொல்ல வேண்டும். சீமையில் மூன்று வருஷப் படிப்புக்கு நாலாயிரம் ஐயாயிரம் ரூபாய் ஆகும் என்று குடும்ப நண்பர் ஒருவர் கணக்குப் போட்டுக் கொடுத்தார். தகப்பனார் காலமாகிவிட்டார். மனைவியின் நகைகளை விற்றால் இரண்டாயிரம் மூவாயிரம் தேறும் என்று பையன் யோசனை சொன்னான். எப்படியாவது நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அண்ணா லக்ஷ்மிதாஸ் தைரியம் கொடுத்தார். இதற்குள் சாதிக்காரர்கள் கூடிப் பையனைத் தள்ளி வைத்தார்கள். செலவுக்கென்று பணத்தை வைத்திருந்த மைத்துனர், சாதியை மீறிக் கொடுக்கமாட்டேன் என்று கைவிரித்தார். கடைசியில் கடன் வாங்கித்தான் கப்பல் டிக்கெட். மாம்சம் தொடுவதில்லை என்று தாயாருக்குச் செய்து கொடுத்த சத்தியம் வேறு கூடவே கப்பல் ஏறிற்று.

வெள்ளை பிளானல் உடுப்பில் இறங்கினார். கரையில் அத்தனை பேரும் கறுப்பு. பெட்டிகள் கம்பெனி ஏஜெண்டுகளிடம் போய்விட்டன; மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மாற்றுடை இல்லாமல் விக்டோரியா ஹோட்டலில் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தவரைப் பார்க்க டாக்டர் பிராண்ஜீவன் மேத்தா வந்தார். அவருடைய பட்டுத் தொப்பியை மோகன்தாஸ் ஆசையோடு தடவிப் பார்த்தார், அதுவும் எதிர்ப்புறமாக. தொப்பியின் ரோமம் சிலிர்த்துக்கொண்டது. மேத்தா சற்றுக் கோபமாகவே தடுத்தார்.

அந்தத் தொப்பியைப் போலவே ஒன்றைத் தமக்கும் வாங்கிய பிறகுதான் அவர் மனம் ஆறிற்று. விலை 19 ஷில்லிங். பம்பாயில் தைத்த உடுப்பு நாகரிகம் போதாதென்று ஆர்மி அண்டு நேவி கடையில் புதிது வாங்கினார். பாண்டு வீதியில் 10 பவுனுக்கு விருந்து உடுப்பு தைத்துக்கொண்டார். இரட்டைச் சரத் தங்கக் கடிகாரச் சங்கிலி ஒன்றை அண்ணாவிடம் கேட்டு வரவழைத்தார். தினம் பத்து நிமிஷம் பெரிய கண்ணாடியின் முன் நின்று டை கட்டிக்கொள்ளவும் தலை வாரிக்கொள்ளவும் ஆயிற்று. நடனம் கற்க மூன்று பவுன், பிடில் வாங்க மூன்று பவுன், பேச்சுக்கலைக்கு ஒரு கினி. இந்த மோகம் மூன்று மாதம் இருந்தது.

வயிற்றுப் பாடு அதற்கு நேர்மாறு. சோற்றை விட்டுவிட்டால் சைவச் சாப்பாடு என்ன என்பது அந்த ஊர் வீட்டுக்காரிகளுக்குத் தெரியாது. உப்பும் காரமும் இல்லாத வேகவைத்த கீரை, ரொட்டி, பழப்பாகு. மூன்றாவது துண்டு ரொட்டி கேட்க வெட்கம். பிறகு ஒரு நாள் பாரிங்டன் வீதியில் சைவ உணவு விடுதி ஒன்றைக் கண்டுபிடித்து வயிறாரச் சாப்பிட்டார். அங்கே ஒரு ஷில்லிங் கொடுத்து வாங்கிய ஸால்ட் என்பவரின் புத்தகம் அவரைக் கொள்கையினாலும் சைவராக்கிற்று.

நடனம் கற்ற நாளிலும் அவர் ஒவ்வொரு காசுக்கும் கணக்கு எழுதினார். பஸ் கட்டணம், தபால் தலை, பத்திரிகைக்குக் கொடுத்த இரண்டு செப்புக்காசு எல்லாம் நோட்டில் ஏறும். படுக்கப் போகுமுன் மீதி சரிபார்க்கப்படும். கணக்குப் புத்தகம் பொல்லாதது. அண்ணாவின் முகத்தை அது தினமும் இரவில் காட்டியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். செலவைப் பாதியாக்குவதென்று தீர்மானித்தார். இடத்துக்கு இடம் நடந்தே போவது என்று வைத்துக்கொண்டதில் வண்டிச் சத்தம் மிஞ்சிற்று. தினம் எட்டுப் பத்து மைல் நடந்ததில் உடம்பும் தேறிற்று.

அப்போது வாரத்துக்கு இரண்டு ஷில்லிங் அறையில் இருந்துகொண்டு, வேளைக்கு இரண்டு பென்ஸ் ரொட்டியும் கோக்கோவுமாகக் காலம் தள்ளும் ஏழை மாணவர் ஒருவரைப் பற்றித் தெரியவந்தது. அவ்வளவு தூரம் போக இவருக்குத் துணிவில்லை. ஆனால் இரண்டு அறைகளை விட்டு ஓர் அறைக்கு மாறினார். ஸ்டவ் ஒன்று வாங்கினார். காலையில் ஓட்ஸ் கஞ்சி, கோக்கோவுக்கு வெந்நீர். சமையல் இருபது நிமிஷத்தில் முடிந்துவிடும். மத்தியானம் வெளியே. இரவில் மறுபடி ரொட்டியும் கோக்கோவும். நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங் மூன்று பென்ஸில் காலம் தள்ளியதாகச் சொல்கிறார்.

பதினைந்து பென்ஸ்! சைவ விடுதியில் இரண்டு பிரிவுகள் இருந்தன. ஒன்றில் சாப்பாடு ஒரு ஷில்லிங் முதல் இரண்டு வரை. மற்றதில் மூன்று பதார்த்தமும் ஒரு துண்டு ரொட்டியும் ஆறு பென்ஸ். இவர் ஆறு பென்ஸ் பக்கம். காலைக்கும் இரவுக்கும் ஒன்பது பென்ஸ் மிச்சம். இந்தக் கணக்கில் அந்தத் தொப்பியின் விலை பதினைந்து நாள் ஜீவனம். பாண்டு வீதி உடுப்பின் விலையில் நூற்றறுபது நாள் ஓட்டலாம்.

ஊரிலிருந்து வந்த மசாலாவையும் தித்திப்பையும் நிறுத்தினார். உப்புச் சப்பில்லை என்று முன்பு ஒதுக்கிய அதே கீரை இப்போது ருசித்ததாம். சமையல் தெரிந்தவர்கள் இதை நம்பத் தயங்குவார்கள். பசித்து நடந்தவர்கள் நம்புவார்கள்.

ஆனால் உடுப்பில் மட்டும் கையை வைக்கவில்லை. 1890 பிப்ரவரியில் பிக்காடிலியில் அவரைச் சந்தித்த சச்சிதானந்த சின்ஹா, பளபளக்கும் பட்டுத் தொப்பி, கஞ்சி போட்ட விறைத்த காலர், கோடு போட்ட பட்டுச் சட்டை, கையுறை, வெள்ளிப் பூண் போட்ட கைத்தடி என்று பின்னால் நினைவுகூர்ந்திருக்கிறார். கஞ்சி குடித்த வயிற்றின்மேல் அத்தனையும்! இதை வேஷம் என்று நான் சொல்லமாட்டேன். வெள்ளைக்காரன் ஊரில் மாநிறத்துப் பையனின் வயிற்றுக்குள் இருப்பது எவனுக்கும் தெரியாது. காலர் எல்லோருக்கும் தெரியும்.

இதற்கு எதிரிடையாக ஒரு மனிதர் வந்து சேர்ந்தார்: நாராயண ஹேமசந்திரர் என்ற எழுத்தாளர். தொளதொளத்த கால்சட்டை, கசங்கி அழுக்கேறிய பழுப்புக் கோட்டு, காலரும் இல்லை டையும் இல்லை, குஞ்சம் வைத்த கம்பளிக் குல்லாய், தாடி. இருவரும் ஒருவர் சமையலை ஒருவர் சாப்பிட்டார்கள். காந்தி வைத்த காரட் சூப் அவருக்கு இறங்கவில்லை. எங்கோ தேடிப் பயத்தம்பருப்பு கொண்டுவந்து வேகவைத்து எடுத்துவந்தார். காந்தி ஆனந்தமாகச் சாப்பிட்டார். ஒரு நாள் ஹேமசந்திரர் சட்டையும் வேட்டியுமாக வந்து கதவைத் தட்ட, பைத்தியம் போல் யாரோ உங்களைக் கேட்கிறான் என்று வீட்டுக்காரி பயந்து ஓடிவந்தாள். தெருப் பிள்ளைகள் கத்தவில்லையா என்று காந்தி கேட்டார். கத்தினார்கள், நான் கவனிக்கவில்லை, சும்மா இருந்துவிட்டார்கள் என்று பதில் வந்தது. பின்னாளில் நாடறிந்த உடைக்கு இந்த வேட்டிதான் வித்து என்று எழுத எனக்கு ஆசைதான், ஆதாரம் கிடையாது.

1891 ஜூன் 10-ந் தேதி பாரிஸ்டர் ஆனார். இரண்டு நாளில் கப்பல். ராஜ்கோட்டில் தாயார் இல்லை. அவர் இறந்த செய்தியைக் கரையேறிய பிறகே சொன்னார்கள். தம்பி வந்து பெரும்பணம் சம்பாதிப்பான் என்ற நம்பிக்கையில் அண்ணா வீட்டுச் செலவை ஏற்கனவே பெருக்கியிருந்தார். பீங்கான் கோப்பைகள் வந்திருந்தன. தம்பி தம் பங்குக்கு ஓட்ஸ் கஞ்சியையும் கோக்கோவையும் புகுத்தினார். காப்பி டீக்குப் பதிலாக என்றுதான் பேச்சு. உண்மையில் அவற்றோடு இவையும் சேர்ந்தன. பூட்ஸும் ஐரோப்பிய உடையும் வந்தன. சீமையில் அண்ணாவின் காசை மிச்சப்படுத்திய அதே கஞ்சி, ராஜ்கோட்டில் அண்ணாவின் காசைத் தின்றது. அங்கே ஏழை மாணவனுக்கும் கிடைத்த சரக்கு இங்கே சீமைச் சரக்கு. சிக்கனத்துக்கும் ஊர் உண்டு போலும். வரும்படியோ இல்லை. 1893-ல் தென்னாப்பிரிக்காவுக்கு ஒரு வியாபாரியின் வழக்குக்காகப் போனபோது பேசிய தொகை 105 பவுன்.

காலர் அங்கேயும் விடவில்லை. டர்பனில் வண்ணான் கூலி ஏறக்குறைய காலரின் விலைக்கே வந்தது. துணி வெளுப்பது பற்றிப் புத்தகம் வாங்கிப் படித்துத் தாமே கற்றார், மனைவிக்கும் கற்பித்தார். முதன்முதலில் தாமே கஞ்சி போட்ட காலரோடு கோர்ட்டுக்குப் போனபோது, பெட்டியில் சூடு போதாமல், அழுத்தவும் பயந்து தேய்த்த அந்தக் காலரிலிருந்து கஞ்சி பொடிப்பொடியாக உதிர்ந்தது. சக வக்கீல்கள் சிரித்தார்கள். இவர் அசரவில்லை.

1912-ல் கோகலே தென்னாப்பிரிக்கா வந்திருந்தார். ஜோகன்னஸ்பர்க் இந்தியர்கள் அளித்த விருந்துக்கு, மகாதேவ கோவிந்த ரானடே தமக்குக் கொடுத்த அங்கவஸ்திரத்தைப் போட்டுக்கொள்ள விரும்பினார். அது கசங்கியிருந்தது, சலவைக்குப் போட்டு வாங்க நேரமில்லை. நான் தேய்க்கிறேன் என்றார் காந்தி. வக்கீலாக உம்மை நம்புவேன், வண்ணானாக நம்பமாட்டேன் என்ற பொருள்படக் கோகலே மறுத்தார். ரானடே அதைக் கொடுத்த கதையையும் சொன்னார். காந்தி விடவில்லை. பெட்டியைச் சூடாக்கித் தேய்த்துக் கொடுத்தார். கோகலே வாயால் நற்சான்றும் கிடைத்தது.