சிறுகோள்களும் பெயர்களும்: சென்னை அவதான நிலையம் பற்றிய ஒரு குறிப்பு

அறிவியல் வரலாறு பெரும்பாலும் பெயர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அப்பெயர்களின் பின்னின்ற உழைப்பினையும் நோக்குதல் அவசியமாகும். சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792இல் அமைந்த வானியல் அவதான நிலையம் இதற்குத் தக்க சான்றாகும்.

1861இல் அந்நிலையப் பொறுப்பினை ஏற்ற நோர்மன் றொபேட் பொக்சன், அவ்வாண்டு ஏப்ரல் 17ஆம் நாள் ஒரு சிறுகோளைக் கண்டார். ஆசியாவிலிருந்து முதன்முதலிற் காணப்பட்டமையின் அது 'ஏசியா' எனப் பெயர்பெற்றது. 1885 வரையில் சஃபோ, சில்வியா, கமில்லா, வேரா ஆகியனவும் அங்கு அவராற் கண்டறியப்பட்டன.

வானியலிற் புகைப்படம் பயன்படுமுன், சிறுகோளைத் தேடுவோர் உடு வரைபடத்தையும் கண்ணையுமே நம்பினர். வரைபடத்தில் இல்லாத ஒளிப்புள்ளி அடுத்துவரும் இரவுகளில் இடம்பெயரின் அது சிறுகோள். இடம்பெயராது ஒளி மட்டும் மாறின் மாறொளி உடு. ஆகவே, உடுக்களின் நிலைகளை இரவிரவாக அளந்து பதிந்தோரின் உழைப்பே இத்தகைய கண்டுபிடிப்புகளின் அடித்தளமாகும்.

அவ்வாறு உழைத்தோருள் முதன்மையானவர் முதல் உதவியாளர் சிந்தாமணி இரகுநாதாசாரி. 1867இல் 'ஆர் ரெற்றிக்குலி' என்னும் மாறொளி உடுவைக் கண்டறிந்தவர் அவரே. 1872இல் இலண்டன் அரச வானியற் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. பஞ்சாங்கக் கணிப்பு அவதானத்துடன் ஒத்திருத்தல் வேண்டுமென அவர் வாதிட்டார். 1874இன் வெள்ளிக் கடப்பு குறித்து மக்கள் மொழிகளில் விளக்கநூல் வெளியிட்டார். எனினும், 1880இல் மறையும் வரை அவர் உதவியாளராகவே இருந்தார்.

1988 பெப்ரவரி 17இல் காவலூரில் இராஜமோகன் குழுவினர் கண்ட சிறுகோள் 'இராமானுஜன்' எனப் பெயரிடப்பட்டது. பெயரிடும் உரிமை கைமாறியமையை இது காட்டுகின்றது.

ஏசியா காணப்பட்ட அதே காலப்பகுதியிலேயே சென்னை மாகாணத்துக் கிராமத்தவர் ஊவாவின் கோப்பித் தோட்டங்களுக்கு வந்துகொண்டிருந்தனர். தோட்ட வழக்கில் ஒரு நாள் உழைப்பின் பதிவே 'பேர்', குறைந்தால் 'அரைப்பேர்'. 2014 அக்டோபர் 29இல் மீரியபெத்த லயன்களை மண் மூடியபோது, புதையுண்டோர் எத்தனை பேர் என்பதே பல நாட்கள் உறுதிப்படவில்லை. இரகுநாதாசாரிக்கு எழுத்தும் கருவியும் வாய்த்தமையால் அவர் பெயரேனும் எஞ்சியது. அவையின்றி உழைத்தோரையும் பதிவுக்குக் கொணர்தல் வரலாற்றாசிரியரின் கடனாகும்.