விற்கப்பட்ட தாய், காத்திருந்த பிள்ளை

பெற்றவர்களால் காயப்பட்ட பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது நாம் ஒரு வீட்டையும் அதிலுள்ள இரண்டு பேரையும்தான் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறோம். பழைய திருவிதாங்கூரில் அந்தக் கூண்டில் நின்றிருக்க வேண்டியது அரசாங்கச் சட்டம். 1836ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நாட்டின் மக்கள் சுமார் 12.8 லட்சம்; அதில் அடிமைகள் 1,64,864 பேர். ஏறக்குறைய எட்டில் ஒருவர். புலையரும் பறையரும் வயலோடு சேர்ந்தே கைமாறினார்கள். கணவனை ஒருவருக்கும் மனைவியை மற்றொருவருக்கும் விற்கலாம்; பிள்ளை யாரிடம் வளரும் என்பதைப் பெற்றவர்கள் தீர்மானிக்க முடியாது. இப்படிச் சிதறிய குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கிறிஸ்தவ விசுவாசம் ஆறுதல் தந்ததா என்றால், தந்தது என்பதே என் முடிவு. ஆனால் ஞானஸ்நானம் மட்டுமே அதைச் செய்துவிடவில்லை. பட்ட இழப்பை நாலு பேர் நடுவில் வாய்விட்டுச் சொல்லி அழ இடம் கிடைத்தபோதுதான் காயம் ஆறத் தொடங்கியது.

லண்டன் மிஷன் (எல்.எம்.எஸ்.) திருவனந்தபுரத்தில் கால் ஊன்றியது 1838இல், மிஷனரி ஜான் காக்ஸ் காலத்தில். பாளையம் பக்கத்து எல்.எம்.எஸ். வளாகம் இன்றும் அந்தப் பெயரைச் சுமக்கிறது. அதற்கு முன்பே, 1820களில், அதே மிஷனின் நாகர்கோவில் விடுதிப் பள்ளியில் மார்த்தா மால்ட் சிறுமிகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். திண்டின் மேல் குத்திய ஊசிகளைச் சுற்றி நூல்கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டு, விரல் விரலாக வளரும் வேலை அது. அந்தக் கூலியைச் சேர்த்துத் தங்கள் விடுதலையை விலைக்கு வாங்கிய அடிமைச் சிறுமிகள் இருந்தார்கள். 1847இல் மிஷனரிகள் அடிமைமுறையை ஒழிக்கக் கோரி மகாராஜாவுக்கு மனு எழுதினார்கள். 1855இல் ஒழிப்பு அரசாணை வந்தது. விடுதிப் பள்ளியும் பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்ததுதானே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. மதம் மாற்றும் நோக்கமும் அங்கே இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் விற்கப்பட்ட பிள்ளைக்குத் திரும்பும் வழி கிடையாது. விடுதிப் பிள்ளைக்கு ஊரும் பெயரும் இருந்தன. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

இதைவிடக் கனமான ஆட்சேபம் சபைக்குள்ளிருந்தே எழுந்தது. அடிமைகளை வைத்திருந்தவர்களில் சிரியன் கிறிஸ்தவர்களும் உண்டு. ஞானஸ்நானம் பெற்ற பிறகும் புலையருக்கும் பறையருக்கும் ஆராதிக்கத் தனிக் கூடம், புதைக்கத் தனி இடம். இந்த வேதனையிலிருந்து வந்தவர் பொய்கையில் யோகன்னான். இரவிபேரூரில் 1879இல், சிரியன் கிறிஸ்தவக் குடும்பம் ஒன்றுக்கு அடிமைப்பட்டிருந்த பறையர் வீட்டில் பிறந்தவர். மார்த்தோமா சபையிலும் பிரதரன் சபையிலும் பிரசங்கித்து, இரண்டையும் விட்டு வெளியேறி, 1909 வாக்கில் பிரத்யட்ச ரட்சா தெய்வ சபையைத் தொடங்கினார். அவர் கூட்டங்களில் பாட்டும் பேச்சும் திரும்பத் திரும்ப ஒரே காட்சிக்கு வந்து நிற்கும்: தாயை ஒரு திசையிலும் தகப்பனை இன்னொரு திசையிலும் கொண்டுபோய்விட்டார்கள், பிள்ளைகள் பசியோடு காத்திருக்கிறார்கள், யாரும் திரும்பவில்லை. கேட்டவர்கள் கதறி அழுதார்கள். அது அவர்களுடைய பாட்டன் பாட்டியின் கதை. அதுவரை எந்தப் பிரசங்க மேடையும் சொல்லாத கதை.

வேதாகமத்தையே தீயிலிட்ட யோகன்னானைக் கிறிஸ்தவ விசுவாசத்துக்குச் சாட்சியாகக் காட்டலாமா? காட்டலாம் என்றே நினைக்கிறேன். எகிப்தில் அடிமைப்பட்ட ஜனம், அவர்கள் கூக்குரலைக் கேட்டு இறங்கி வரும் கடவுள் என்ற மொழியை அவருடைய ஜனங்கள் கேட்டது மிஷன் வழியாகத்தான். அந்த மொழியைத் தன் ஜனத்தின் கண்ணீருக்கு அவர் பொருத்தினார். சபைகள் அந்தத் துணிவைக் காட்டவில்லை. தான் கண்ட துயரத்தை அவர் பாட்டோடு விட்டுவிடவும் இல்லை. 1921இலும் 1931இலும் திருவிதாங்கூரின் மக்கள் மன்றமான ஸ்ரீமூலம் பிரஜா சபைக்கு நியமிக்கப்பட்டு, எட்டில் ஒருவரை விற்கவும் வாங்கவும் அனுமதித்திருந்த அதே அரசின் தலைநகரான திருவனந்தபுரத்துக்கு வந்தார். அந்த ஜனத்தின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும், குடும்பம் சேர்ந்து குடியிருக்க நிலமும் கேட்டார்.