எகிப்தியரும் எழுத்தும்

நைல் நதி தந்த வண்டலிலே வளர்ந்தது பண்டை எகிப்தியரின் நாகரிகம். கீசாவிலுள்ள கூர்நுதிக் கோபுரங்களை வியக்கும் நாம், அம்மக்களின் எழுத்துக்கு நேர்ந்த கதியையும் சிந்தித்தல் வேண்டும்.

மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அவர்கள் கோயிற் சுவர்களிலே பொறித்துவந்த சித்திர எழுத்து, பழைய வழிபாடு அருகவே கற்பாரின்றி மறைந்தது. கி.பி. 394இல் பிலே தீவிற் பொறித்த சாசனமே நாமறிந்தவற்றுள் இறுதியானது. பின்னர் ஏறத்தாழப் பதினான்கு நூற்றாண்டுகள் கல் இருந்தது, படிப்பார் இல்லை.

1799இல் றொசெற்றாவிலே, ஒரே கட்டளையைக் கிரேக்கம் உட்பட மூவகை எழுத்திற் கூறும் கல்லொன்று கிடைத்தது. அதன் துணைகொண்டு 1822இல் பிரெஞ்சு அறிஞர் சம்பொலியன் சித்திர எழுத்தைப் படிக்கும் வழி கண்டார். பழைய எகிப்திய மொழியின் வழிவந்த கொப்து மொழியை எகிப்தியக் கிறித்தவர் தம் வழிபாட்டிலே காத்து வந்தனர். அதனை அவர் கற்றிருந்தமை பெரிதும் உதவிற்று.

இளைஞர்காள், முன்னோர் எழுதிவைத்தால் மட்டும் போதாது. பின்னோர் கற்றாலன்றிப் பண்பாடு வாழாது.