மார்கழிக் கரை

மரக்காணத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே வந்தால், புதுச்சேரிக்குச் சற்று முன்னால் பொம்மையார்பாளையம். மேற்கே மேட்டில் ஆரோவில். ஐரோப்பாவில் பனி கொட்டும் கார்த்திகை முதல் மாசி வரை அங்கு வரும் வெளிநாட்டவர்கள் சாலையைக் கடந்து இந்தக் கரைக்கு இறங்குவார்கள். விடுதி, வாடகை ஸ்கூட்டர், ஆட்டோ என்று பல குடும்பங்களுக்கு அந்த நாலு மாதச் சம்பாத்தியம்தான் ஆண்டு முழுவதற்கும்.

வங்கக் கடல் சீறுவதும் பெரும்பாலும் அதே மாதங்களில்தான். 2004 டிசம்பர் 26, ஆழிப்பேரலை. 2011 டிசம்பர் 30, தானே புயல். இரண்டும் மார்கழி, விடுதிகள் நிறைந்திருக்க வேண்டிய வாரம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல், பருவம் தொடங்கும்போதே வந்து நின்றது.

ஆழிப்பேரலைக்குப் பிந்தைய கணக்கைப் பார்ப்பவர் ஏமாந்துபோவார். இந்தியாவுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் 2004-இல் சுமார் 34.6 லட்சம், மறு ஆண்டு 39.2 லட்சம். ஏறியிருக்கிறது! முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோரைப் பறிகொடுத்த இலங்கையிலேகூட 5,66,202 என்பது 5,49,308 ஆனதோடு சரி. நிவாரணப் பணிக்கு வந்தவர்களும் அந்தத் தொகையில் அடக்கம். தேசக் கணக்கில் கடலோர விடுதியின் காலி அறை தெரியாது. அந்த அறையைப் பெருக்கிச் சம்பளம் வாங்கிய பெண்ணும் தெரியமாட்டாள்.

அப்போதுதான் ஆரோவில்லின் உபாசனா ஆடையகம் இந்தப் பகுதி மீனவப் பெண்களுக்குத் துணித் துண்டுகளில் குட்டிப் பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தது. பெயர் சுனாமிகா. விற்பனைக்கு அல்ல, அன்பளிப்பாக மட்டுமே. பயணிகள் வரத் தயங்கிய கரையிலிருந்து பொம்மைகள் பல நாடுகளுக்குப் பயணம் போயின. என் நெஞ்சை விட்டு அகலாத செய்தி இது.

2020-இல் வந்தது பெருந்தொற்று, கடல்மேல் பழியில்லை. மார்ச் 13 முதல் சுற்றுலா விசாக்கள் நிறுத்தப்பட்டன. மறுபடி வழங்க 2021 அக்டோபர் ஆயிற்று. 2019-இல் 1.09 கோடியாக இருந்த வெளிநாட்டவர் வருகை 2020-இல் 27.4 லட்சமானது. அலையடங்கிய பங்குனிக் கடலோரத்தில் ஆளில்லை.

வந்த இடர்கள் போயின. பயணிகளும் திரும்பி வந்தார்கள். போகாத இடர் ஒன்று உண்டு. 1980-களின் பிற்பகுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்சுவர் எழுப்பினார்கள். இந்தக் கரையில் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்வது. சுவர் அதை மறித்தது. நகரத்துக் கடற்கரை கரைந்தது, கருங்கல் கொட்டினார்கள். அரிப்பு அடுத்த ஊருக்கு நகர்ந்தது: கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம். வீடுகளும் தென்னைகளும் விழுந்தன. கடலுக்குள் நீளும் கல் தடுப்பான தூண்டில் வளைவு வேண்டுமென்று மீனவர்கள் சாலை மறியல் செய்தார்கள். அவர்கள் கேட்பது நியாயம் என்றே நினைக்கிறேன். ஆனால் இங்கே போடும் ஒவ்வொரு கல்லும் அரிப்பை இன்னும் வடக்கே தள்ளக்கூடும். துறைமுக வாயில் மணலை அள்ளி வடபுறக் கரையில் சேர்ப்பதே வேரைத் தொடும் வேலை.

பயணி துண்டு விரிப்பதும் மீனவர் வலை உலர்த்துவதும் ஒரே மணலில்தான். வாடைக்காற்று வீசும் மாதங்களில் படகை ஏற்றி நிறுத்தவே இப்போது இடம் தேட வேண்டியிருக்கிறது.