டைனமோவில் இருந்து சவுண்ட்பார் வரை: யாழ்ப்பாணத்து வீடுகள் கேட்ட கதை

இப்ப யாழ்ப்பாணத்தில் ரிவி வாங்கப் போனால், விலை பேசி முடிந்த கையோடு கடைக்காரர் கேட்கிற அடுத்த கேள்வி, "சவுண்ட்பார் ஒண்டும் எடுக்கேல்லையோ?" என்பதுதான். கேள்வியில் பிழை இல்லை. ரிவிகள் மெலிய மெலிய, அவற்றுக்குள் இருக்கிற ஸ்பீக்கர்களும் சிறுத்து, கீழ்ப்பக்கமோ பின்பக்கமோ பார்த்தபடி கிடக்கின்றன. படம் 55 அங்குலத்தில் தெரிகிறது, வசனம் தகரப்பேணிக்குள் இருந்து வருகிறது. ஆகவே ரிவிக்குக் கீழே ஒரு நீளக் கறுப்புப் பெட்டியைக் கொண்டுவந்து வைக்கிறம்.

ஆனால் அந்தப் பெட்டிக்கு முன்னால் இருக்கப்போகிற காதுகளுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. எந்தச் சவுண்ட்பார் எடுக்கலாம், அதை எப்படி வைக்கலாம் என்ற கேள்வியை அந்த வரலாற்றோடு சேர்த்துக் கேட்டுப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

விறாந்தையில் ஒரு பெட்டி

இலங்கையில் ஒலிபரப்பு 1925 டிசம்பரில் கொழும்பில் தொடங்கியது. 1949 இல் அது ரேடியோ சிலோன் ஆனது, 1967 இல் கூட்டுத்தாபனமானது. அதன் தமிழ்ச் சேவையைக் கடலுக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டிலும் சனம் காத்திருந்து கேட்டது. கே. எஸ். ராஜாவினதும் பி. எச். அப்துல் ஹமீதினதும் குரல்களை எங்கட அம்மம்மாமார் இன்றைக்கும் அடையாளம் சொல்லுவினம்.

அந்தக் காலத்து வீட்டு ஒலி ஒரே ஒரு ஸ்பீக்கரில் வந்தது. றேடியோ விறாந்தையில் இருக்கும், அயலட்டை ஆக்களும் வந்து குந்துவினம். ஒலிக்கு இடம் வலம் கிடையாது. எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்கவும் இல்லை, அது பெட்டியில் இருந்து வந்தது, அவ்வளவுதான். ஊருக்குப் பொதுவான ஒலி வேறு இருந்தது: கோயில் திருவிழாவுக்குத் தென்னையிலும் பனையிலும் கட்டின குழாய் ஸ்பீக்கர். இரண்டுமே கூட்டமாய்க் கேட்கிற ஒலிகள்.

6 வோல்ட், 3 வாட்

1990 ஜூனில் போர் மறுபடி தொடங்கியது. குடாநாட்டுக்கு வந்துகொண்டிருந்த மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையில் பற்றறியும் அடங்கியது. மண்ணெண்ணெய் கிடைப்பதே பாடாய்ப் போனது. ராஜா, வின்சர், மனோகரா என்று பெயர்பெற்ற தியேட்டர்கள் இருந்த ஊரில் படம் பார்ப்பது அபூர்வமானது.

அப்போதுதான் சைக்கிள் டைனமோ வீட்டுக்குள் வந்தது. சைக்கிள் லைற்றுக்கென்று செய்த சாதாரண டைனமோ 6 வோல்ட், 3 வாட் அளவில்தான் மின்சாரம் தரும். அதுவும் மாறி மாறிப் பாயும் ஏசி மின்சாரம். றேடியோவுக்கு நேர்மின் வேணும். ஆகவே டயோட்டும் கப்பாசிற்றரும் வைத்து அதை மாற்றினார்கள். சைக்கிளை ஸ்ராண்டில் விட்டோ தலைகீழாய்க் கவிழ்த்தோ ஒருவர் பெடலைச் சுற்ற, மற்றவர்கள் பிபிசி தமிழோசையும் வெரித்தாசும் கேட்டார்கள். சுற்றுகிற கை களைத்தால் செய்தியும் களைத்தது.

இதை வெறும் "கெட்டித்தனம்" என்று பெருமைப்பட்டுவிட்டுக் கடந்துபோகக் கூடாது என்று நினைக்கிறம். ஒரு சமூகம் செய்தி கேட்பதற்குத் தன் உடம்பால் மின்சாரம் செய்ய வேண்டி வந்தது என்பதுதான் விஷயம். இன்றைக்குச் சவுண்ட்பார் மட்டையில் 300 வாட், 500 வாட் என்று அச்சடித்திருக்கு. அந்த எண்ணுக்கு மயங்கத் தேவையில்லை என்பதற்கு அந்த 3 வாட்டும் ஒரு சாட்சி. கணக்கும் அதையே சொல்கிறது: வாட்டை இரண்டு மடங்காக்கினால் கூடுவது 3 டெசிபெல் மட்டும்தான். காதுக்கு அது சின்ன வித்தியாசம்.

திசை தெரிந்த காதுகள்

ஒரு சத்தம் இடப்பக்கம் இருந்து வந்தால் இடக்காதில் முதலில் விழும், வலக்காதில் கொஞ்சம் பிந்தி விழும். அந்தப் பிந்தல் ஒரு செக்கனில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. அந்த நேர வித்தியாசத்தையும், இரண்டு காதிலும் விழுகிற சத்த அளவின் வித்தியாசத்தையும் வைத்து மூளை திசையைக் கண்டுபிடிக்கிறது. சரவுண்ட் சவுண்ட் என்ற தொழில்நுட்பம் முழுவதும் மூளையின் இந்தத் திறமையை நம்பித்தான் நிற்கிறது.

எங்கட பெற்றோரின் தலைமுறை இந்தத் திறமையை வேறொரு தேவைக்குப் பழகியது. ஷெல் குத்துற சத்தம் பலாலிப் பக்கமா, கோட்டைப் பக்கமா? கூவிக்கொண்டு போறது தலைக்கு மேலாலயா, இங்கதான் விழப்போகுதா? வாறது ஹெலியா, பொம்பரா? பங்கருக்குள் ஓடுவதா, சோற்றுப் பானையை இறக்கி வைத்துவிட்டு ஓட நேரம் இருக்கா? இதெல்லாம் காதால் எடுத்த முடிவுகள். 45 வயது தாண்டின யாரிடமும் கேட்டுப் பாருங்கோ, கை நீட்டித் திசை காட்டிச் சொல்லுவினம்.

அதே ஆண்டுகளில் உலகம் தியேட்டரில் திசையை விற்கத் தொடங்கியது. டொல்பி டிஜிற்றல் 1992 இல் வந்தது. டிரிஎஸ் 1993 இல் 'ஜுராசிக் பார்க்' படத்தோடு வந்தது. தமிழில், டொல்பி ஸ்டீரியோ சரவுண்டில் வந்த முதல் இந்தியப் படம் என்று சொல்லப்படுகிற 'குருதிப்புனல்' 1995 ஒக்ரோபர் 23, தீபாவளிக்கு வெளியானது. சரியாய் ஒரு கிழமை கழித்து, ஒக்ரோபர் 30 இரவு, வலிகாமத்துச் சனம் லட்சக்கணக்கில் நாவற்குழிப் பாலத்தைத் தாண்டித் தென்மராட்சிக்கு நடந்தது. இரண்டுக்கும் தொடர்பு எதுவும் இல்லை. ஒரே மொழி பேசின இரண்டு ஊர்கள் ஒரே கிழமையில் எதைக் கேட்டன என்பதற்காக மட்டும் இதைக் குறித்து வைக்கிறம்.

சரி, எதை எடுக்கிறது?

போர் முடிந்த பிறகு குடாநாடு தேசிய மின்கட்டமைப்போடு மறுபடி இணைந்தது. இப்ப டொல்பி அட்மோஸ் என்று எழுதின பெட்டி கடைகளில் கிடக்கிறது. மட்டையில் இருக்கிற எண்ணை இப்படி வாசிக்க வேணும்: 5.1.2 என்றால் காதைச் சுற்றி 5 சனல், 1 சப்வூஃபர், மேல்நோக்கி ஒலி அனுப்புகிற 2 ஸ்பீக்கர்.

முதலில் கூரையைப் பாருங்கோ. மேல்நோக்கிப் போகிற ஒலி சீலிங்கில் பட்டுத் தெறித்துத் தலைமேல் விழ வேணும். அதற்குத் தட்டையான, கிட்டத்தட்ட 8 இலிருந்து 12 அடி உயரமான சீலிங் தேவை. சீலிங் அடிக்காத பழைய ஓட்டு வீட்டில் சாய்ந்த கூரை ஒலியை வேறெங்கோ அனுப்பிவிடும். அங்கே அந்தக் கடைசி ".2" க்குக் காசு கொடுப்பது வீண்.

அடுத்தது சுவர். பின்ஸ்பீக்கர் இல்லாத பல சவுண்ட்பார்கள் பக்கச் சுவரில் ஒலியைத் தெறிக்க வைத்துத்தான் சரவுண்ட் காட்டுகின்றன. ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் விறாந்தைக்குத் திறந்த வாசல் என்றால் அந்த வித்தை பாதிதான் பலிக்கும். அப்படியான ஹோலுக்கு, பின்னால் வைக்கத் தனி ஸ்பீக்கர் சோடி வருகிற செற் நல்லது. அவற்றை இருக்கைக்குப் பக்கவாட்டில் கொஞ்சம் பின்னுக்கு, காது உயரத்தில் அல்லது சற்று மேலே வையுங்கோ. மாபிள் பதித்த தரையும் வெறுஞ்சுவரும் சத்தத்தை எதிரொலிக்க வைக்கும். தடித்த திரைச்சீலை, கம்பளம், புத்தக அலுமாரி மூன்றும் அதைக் குறைக்கும்.

இணைப்புக்கு ரிவியில் ஏ.ஆர்.சி. அல்லது ஈ.ஏ.ஆர்.சி. என்று எழுதின எச்.டி.எம்.ஐ. வாயைப் பாவியுங்கோ. ஒப்டிக்கல் வயரில் 5.1 வரும், அட்மோஸ் வராது. சப்வூஃபரை மூலைக்குள் தள்ளினால் 'தும் தும்' கூடி வசனம் அமுங்கிவிடும். மாரியில் இடி முழக்கம் தொடங்கினால் பிளக்கைக் கழற்றுங்கோ. அயலையும் மறக்காதேங்கோ. 2007 இல் உயர் நீதிமன்றம் ஒலிபெருக்கிகளுக்கு இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை கட்டுப்பாடு போட்டது பொது இடங்களை நினைத்துத்தான். ஆனாலும் எங்கட சன்னல்களும் திறந்துதான் கிடக்கின்றன.

யாருக்கு முன்னால் வைக்கிறம்?

அட்மோஸ் செற்றின் பெருமையைக் காட்டப் போடுகிற டெமோக்களில் அடிக்கடி வருவது தலைக்கு மேலால் பறக்கிற ஹெலிகொப்டர். நாங்கள் வாய் பிளந்து பார்க்கிற அந்த இடத்தில், சத்தமில்லாமல் எழும்பிக் குசினிக்குப் போகிற அம்மாக்கள் எங்கட வீடுகளில் இருக்கினம். "எனக்கு உது சரிவராது" என்பதற்கு மேல் அவை விளக்கம் சொல்வதில்லை. நாங்களும் வயசுபோன ஆக்களுக்கு இதெல்லாம் பிடிக்காது என்று நினைத்துவிடுகிறம். அந்த ஒலியை எங்களைவிட நன்றாய்த் தெரிந்தவர்கள் அவர்கள்.

இதற்காகச் சவுண்ட்பார் வாங்காதேங்கோ என்று சொல்லவில்லை. வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், நடுச் சனல் உள்ள 3.1 செற் பல நேரம் போதும். வசனம் அந்த நடுச் சனலில்தான் வருகிறது, காது மங்கினவைக்கும் அதுதான் உதவி. பெரும்பாலான செற்றுகளில் 'நைற் மோட்' என்று ஒன்று இருக்கு. அது திடீர் வெடிச் சத்தத்தைத் தணித்து மெல்லிய ஒலியைக் கூட்டும். பிள்ளை நித்திரை என்றால் மட்டும் போடுகிற பொத்தான் இல்லை அது. சப்வூஃபரையும் ஒரு பங்கு குறையுங்கோ. அம்மா 60களின், 70களின் பாட்டுக் கேட்கிற நேரம் சரவுண்டை நிற்பாட்டி ஸ்டீரியோவில் விடுங்கோ. அந்தப் பாட்டுகள் பெரும்பாலும் மோனோவில் பதிவானவை. அவற்றை அறை முழுக்க இழுத்துப் பரப்பினால் குரல் கரைந்துவிடும்.

பொருத்தி முடிந்ததும் முதலில் எந்தப் படத்தைப் போடுவது என்று எங்களுக்குள் சண்டை வரும். அதற்கு முதல் றிமோட்டை அம்மாவிடமோ அப்பாவிடமோ கொடுத்து, அவை விரும்பின பாட்டைப் போடச் சொல்லுங்கோ. சத்தத்தை எந்த அளவில் விடுகினம் என்று பாருங்கோ. பிறகு அந்த 1990களைப் பற்றிக் கேளுங்கோ. டைனமோ சுற்றினது யார், என்ன கேட்டவை, எந்தச் சத்தத்துக்கு எந்தப் பக்கம் ஓடினவை எண்டு. இந்த வரலாற்றில் கனக்க இன்னும் எழுதப்படவில்லை. அது எங்கட ஹோலில், சவுண்ட்பாருக்கு எதிரில் இருக்கிறது.