மொட்டைமாடியிலிருந்து திரைக்களம் வரை

1988இல் வெளிவந்த ‘பிளட்ஸ்போர்ட்’ திரைப்படம் காட்டும் மறைவான சண்டைப் போட்டி, கராத்தேயில் இருவர் எதிரெதிர் நின்று பொருதுவதைக் குறிக்கும் ‘குமித்தே’ என்னும் ஜப்பானியச் சொல்லைப் பெயராகக் கொண்டிருப்பினும், அதன் உணர்வு ஹாங்காங்கின் வரலாற்றோடு நெருங்கியது. 1950களில் அந்நகரின் குங்ஃபூ மாணவர்கள், காவலர் கண்படாத மொட்டைமாடிகளில், ‘பெய்மோ’ எனப்பட்ட சவால் சண்டைகளில் மோதினர். விங் சுன் என்னும் குங்ஃபூ முறையைப் பயின்ற இளம் புரூஸ் லீயும் அவர்களுள் ஒருவர். 1954 ஜனவரியில், தாய்ச்சி ஆசான் வூ குங்-யீயும் வெண்கொக்கு முறையின் சான் ஹாக்-ஃபூவும் போர்ச்சுக்கீசிய ஆட்சியிலிருந்த மக்காவில் பொருதிய போட்டி, வெற்றி தோல்வி அறிவிக்கப்படாமல் இரண்டாம் சுற்றிலேயே நிறுத்தப்பட்ட போதிலும், அது எழுப்பிய பரபரப்பே ஹாங்காங் நாளிதழ்களில் வீரசாகசத் தொடர்கதைகள் பெருக வழிவகுத்தது.

‘பிளட்ஸ்போர்ட்’ படத்தின் அரும்பெறல் சிறப்பு, நாயகனாக நடித்த வான் டாமின் உதைகளைவிட, அது படமாக்கப்பட்ட இடங்களில் ஒன்றான, ஹாங்காங்கின் கௌலூன் சுவர்நகரமே ஆகும். ஏறத்தாழ 2.6 ஹெக்டேர் பரப்பில் பல்லாயிரவர் நெருங்கி வாழ்ந்ததும், பிரித்தானிய ஆட்சியின் பிடி நெடுங்காலம் தளர்ந்தே இருந்ததுமான அக்குடியிருப்பு 1993இல் தொடங்கி இடித்து அகற்றப்பட்டுவிட்டமையால், அதன் இருண்ட சந்துகளை அசையும் காட்சியாகக் காத்துவைத்துள்ள அரிய கதைப்படங்களுள் ஒன்றாக இது நிற்கிறது.